அரை நொடி தள்ளி விழுந்த தாம்பாளம்

போன மாதம் என் கொழுந்தனார் வீட்டில் ஒரு பித்தளைத் தாம்பாளம் கீழே விழுந்தது.

விழுந்தது... ஒரு சின்ன மௌனம்... அதற்கப்புறம்தான் 'டங்' என்று சத்தம் வந்தது!

பயந்துவிடாதீர்கள். தாம்பாளம் விழுந்தது தரையில் இல்லை, டி.வி.யில். பதினைந்து வருடத்துக்கு முன்னால் விழுந்த தாம்பாளம் அது. பூசணிக்காய் மாதிரி குண்டாக ஒரு கை அதைத் தவறவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். என் நாத்தனார் தனம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"டேய் சேகரு... இது சரி இல்லடா" என்றார்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு வாரம் நடந்த கலாட்டாவுக்கு அதுதான் ஆரம்பம். அதற்குக் காரணம் யார் என்று எனக்கு அப்போதே தெரியும். சொன்னேனா? அதுதான் இல்லை!

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். சேகர் என் வீட்டுக்காரரின் தம்பி. அணுமின் நிலையத்தில், அணுபுரம் குவார்ட்டர்ஸில் தங்கி வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆனதும் திருக்கழுக்குன்றத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கம்ப்யூட்டர் அவருக்கு வயதான காலத்துக் காதல். வீட்டில் கிடக்கும் பழைய டி.வி.டி. தட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டாததை வெட்டி, நல்லதை மட்டும் சேர்த்து வைப்பதுதான் இப்போது அவர் வேலை. 'எடிட்டிங்' என்பார். அந்த நேரத்தில் கூப்பிட்டால், நாஸ்தாவுக்குக்கூட வரமாட்டார்.

தனம் அக்கா அண்ணன் தம்பி எல்லாருக்கும் மூத்தவர். சேகர் வீட்டில்தான் இருக்கிறார். நன்றாகப் பாடுவார். எந்தப் பாட்டு? அவரே கட்டுகிற பாட்டு. வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷம் நடந்தாலும், வந்திருக்கும் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்துக் கிண்டல் செய்து, கை தட்டிக்கொண்டே பாடுவார். அகப்பட்டவர்கள் முகம் சிவக்கும், மற்றவர்கள் வயிறு வலிக்கும். எதையும் எழுதி வைத்ததில்லை. கேட்டால், "எழுதி வெச்சா அப்பால ஆதாரம் ஆயிடும். அடிக்க வருவாங்கோ" என்பார்.

அப்படிப்பட்டவருக்குக் காது போய்விட்டது. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. செங்கல்பட்டில் காட்டி ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "இத மாட்டினா பாத்திரம் கழுவுற சத்தம்தான் நல்லா கேக்குது. மன்சன் பேசுறது கேக்கல" என்று பாதி நாள் கழற்றி வைத்துவிடுவார். அவருக்கு இப்போது உண்மையான காது, கண்தான். எதிரில் உட்கார்ந்து பேசினால், உதட்டைப் பார்த்தே முக்கால்வாசி பிடித்துவிடுவார்.

என் பேச்சு மட்டும் பிடிபடாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேசும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். கூச்சம்... என்ன செய்ய? நாற்பது வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். அளவு எடுக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் நம்பரைச் சொல்வேன். தனம் அக்கா அதட்டுவார்: "ஏமே வள்ளி... கைய எடுமே வாய்லருந்து! நீ பேசறியா, கொட்டாவி வுடறியா?"

காது போனதும் அக்கா பாடுவதை நிறுத்திவிட்டார். "என் குரலு எனக்கே கேக்கல. அப்பால இன்னாத்த பாட்றது?" என்று ஒரே பேச்சு. நாங்களும் விட்டுவிட்டோம்.

விடாதவள் ஒருத்தி இருந்தாள். சேகரின் இளைய மகள் தேன்மொழி. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்ததும் அவள் கேட்டது பட்டுப்புடவை இல்லை, கலர் கலராக வளையல் இல்லை. "பெரிய அக்காளுக்குப் பாடினல்ல அத்த? அதே பாட்டு எனக்கு வேணும். நீ பாடலன்னா நான் கையையே நீட்ட மாட்டேன்!"

அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் வரிகள் மறந்துவிட்டன. முதல் அடி வருகிறது, இரண்டாவது அடி ஓடி ஒளிந்துகொள்கிறது. வேறு யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் சேகருக்கு அந்த டி.வி.டி. ஞாபகம் வந்தது. பெரிய மகள் வளைகாப்பில் அவரே கேமரா பிடித்து, வீட்டில் இருந்த ரெக்கார்டர் பெட்டியில் சொருகி, தட்டில் ஏற்றி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி வைத்தது. அக்கா பாடிய பாட்டு முழுதும் அதில் இருக்கிறது.

"கவலப்படாதக்கா. உன் வாயப் பாத்து நீயே கத்துக்கலாம்" என்றார். அக்காவுக்கு வாத்தியார் அக்காவேதான்! எவ்வளவு நல்ல ஏற்பாடு?

அதைக் கெடுத்தது நான்.

அந்த டி.வி.டி.யில் ஒரு இடம் இருக்கிறது. பாட்டுக்குச் சற்று முன்னால். சேகர் கேமராவை என் பக்கம் திருப்பி, "அண்ணி, இங்க பாருங்க" என்கிறார். நான் என்ன கண்டேன்? போட்டோ எடுக்கிறார் என்று நினைத்துவிட்டேன். முந்தானையைச் சரி செய்து, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, கண் இமைக்காமல் நின்றேன். ஃப்ளாஷ் அடிக்கும் என்று காத்திருந்தேன்... அடிக்கவில்லை. நாற்பது நொடி! பின்னால் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு குழந்தை என் புடவையைப் பிடித்து இழுக்கிறது. நான் அசையவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்காரர் குரல் கேட்கிறது: "இன்னாமே, செல மாரி நின்னுகினு கீற? மாமல்லபுரத்துக்காரன் பாத்தா தூக்கிகினு பூடுவான்!"

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு 'சிலை அண்ணி' என்று பெயர். அந்த டி.வி.டி.யை யார் போட்டாலும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இப்போது அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறார் என்றதும் சேகரைத் தனியாகக் கூப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "தம்பி... அந்த எடத்த மட்டும் எடுத்துடேன். யாருக்கும் சொல்லாத."

"அவ்ளோதானே அண்ணி? ரெண்டு க்ளிக்!" என்றார். என்னை எடுத்தார். பாட்டின் அடிகளுக்கு இடைவெளியில் குறுக்கே போன இரண்டு வழுக்கைத் தலைகளையும் எடுத்தார். சுத்தமாக, பளிச்சென்று ஒரு பாட்டு தயார். அதைப் பார்க்கத்தான் அன்றைக்கு உட்கார்ந்திருந்தோம். தாம்பாளம் விழுந்து, அப்புறம் 'டங்' என்றது...

"எங்க சரி இல்லக்கா? நீதான், உன் வாய்தான், உன் பாட்டுதான்" என்றார் சேகர். அவருக்குக் கொஞ்சம் கோபம்.

"வாயி என்துதான்டா. குரலு யார்துனு தெர்ல. என் வாயி முன்னாடி போவுது... பின்னாலயே எவளோ ஒருத்தி மூச்சு வாங்க ஓடியாரா."

எங்களுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அரை நொடிதானே? நமக்குக் காது கேட்கிறது, அதனால் வாயைப் பார்ப்பதில்லை. அக்காவுக்கோ மெஷின் வழியாக வருவது பாதி, உதட்டிலிருந்து வருவது பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சொல். அரை நொடி விலகினால், இரண்டு பாதியும் சேராமல் தனித்தனியாக நிற்கும்.

சேகர் விடவில்லை. தாம்பாளம் விழுகிற இடத்தைப் பிடித்து, 'டங்'கை அரை நொடி முன்னால் இழுத்தார். விழுந்ததும் சத்தம் சரியாக வந்தது. எல்லாரும் கை தட்டினோம். ஆனால் மூன்றாவது அடிக்குப் போகும்போது அக்கா கையைத் தூக்கிவிட்டார். "மறுபடியும் ஓடியாரா."

பின்பக்கத்தை இழுத்தார். முன்பக்கம் போய்விட்டது. வேறு ஒரு சாஃப்ட்வேர் போட்டார். அதில் அக்காவின் முகம் நீளமாகி, நீச்சல் குளத்துக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி வந்தது. செங்கல்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் பஸ் ஏறி ஏறி வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றம் செய்தவளுக்கு வீட்டில் உட்கார முடியுமா?

நாலாவது தடவை போனபோது அக்கா நாற்காலியில் இல்லை. உள்ளே பூ தொடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் ஜன்னல் மேல் கிடந்தது.

"வேணாம், வுட்டுடு. அவன் பாவம், பேஜாரா போறான். எல்லாருக்கும் சரியா கீதுன்ற. எனக்கு மட்டும் தப்பா தெரியுது. காதுதான் போச்சுன்னு கெடந்தேன்... கண்ணும் போவுது போல. தேனு கைல சொல்லிடு, என்னால ஆவாதுன்னு."

சாதாரணமாகத்தான் சொன்னார். பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்காவுக்கு மிச்சம் இருப்பது கண் ஒன்று. அதையே அவர் சந்தேகப்படுகிறார். எதற்காக? என் நாற்பது நொடிக் கூச்சத்துக்காக!

நேராகச் சேகரிடம் போனேன். "இது ஏன் இப்பிடி வெலகுது, எனக்குப் புரியற மாரி சொல்லு தம்பி" என்றேன்.

அவர் சொன்னார். படம் ஒரு வரிசை, சத்தம் ஒரு வரிசை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒன்றாக ஓட வேண்டும். அந்தப் பொருத்தத்துக்கு 'சிங்க்' என்று பெயராம். சத்தத்தை நினைத்த இடத்தில் வெட்டலாம். படத்தை அப்படி வெட்ட வராது. பத்துப் பன்னிரண்டு படத்துக்கு ஒன்றுதான் முழுப் படமாம், நடுவில் இருப்பதெல்லாம் அரைகுறை. கத்தரி அந்த முழுப் படத்தில்தான் போய் நிற்கும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் பிசகு. "வூட்லயே ஏத்தின பழைய தட்டு வேற அண்ணி. ஒரு தபா கத்திரி வெச்சா, போவப் போவ இன்னும் தள்ளினே போவுது. ஏன்னு தெர்ல."

எனக்குத் தெரியும்! என் தொழிலில் தினமும் நடப்பதுதானே இது? பிளவுஸுக்கு லைனிங் துணி வைத்துத் தைக்கிறோம். மேல் துணி ஒன்று, உள் துணி ஒன்று. மெஷினில் அடித் துணி சற்று வேகமாக ஓடும், மேல் துணி பின்தங்கும். ஒரு தையலில் தெரியாது. தோளிலிருந்து இடுப்பு வரை வந்து பார்த்தால் அரை அங்குலம் வித்தியாசம்! அதனால்தான் கத்தரி வைப்பதற்கு முன்னால், இரண்டும் சரியாகப் பொருந்துகிற இடத்தில் குண்டூசி குத்திவிடுவோம். அங்கிருந்துதான் தைக்கவே ஆரம்பிப்போம்.

"தம்பி... படமும் சத்தமும் தானாவே ஒண்ணா சேர்ற எடம்னு ஒண்ணு இருக்குமில்ல? அது எது?"

யோசித்தார். "கேமரா பட்டன அமுக்குற எடம்தான். ரெண்டும் அங்கதான் சேந்து பொறக்குது."

"அங்கருந்து வெட்டாம அப்பிடியே ஓட்டினா?"

"சரியாத்தான் வரும். பாட்டு முடிஞ்சப்புறம் எங்க வேணா வெட்டிக்கலாம்."

"பாட்டுக்கு முன்னாடி பட்டன எங்க அமுக்கினீங்க?"

சேகர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

புரிந்துவிட்டது. 'அண்ணி, இங்க பாருங்க' என்று சொல்லிக்கொண்டேதான் பட்டனை அமுக்கியிருக்கிறார்! அங்கிருந்து நிறுத்தாமல் அப்படியே திரும்பி, தாம்பாளம், பாட்டு எல்லாம். அந்தப் பாட்டுக்குக் குண்டூசி... நான்தான்.

நான் கேட்கிற வரைக்கும் மனிதர் வாய் திறக்கவில்லை பாருங்கள். யாருக்கும் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அக்காவிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு, எனக்காகப் பொறுத்திருக்கிறார்.

உள்ளே போனேன். அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அக்கா பூவைக் கீழே வைத்தார்.

"கைய எடுமே. ஒண்ணும் தெர்ல."

எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கண் சரியாகத்தான் இருக்கிறது, தப்பு என்னுடையது என்றேன். அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் மூஞ்சிய மறைக்க, என் பாட்ட காயலான் கடைல போட்டியாமே?" என்றார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு... தொடுத்த பூவெல்லாம் மடியிலிருந்து உதிர்ந்தது. "நான் கூட செவுட்டுப் பொணம் ஒளர்றேன்னு என்னையே வஞ்சிகினு கெடந்தேன். போமே, போயி மெஷின எடுத்தா!"

சேகர் வெட்டாத டி.வி.டி.யை அப்படியே போட்டார். நான் அடுப்படிக்குப் போகவில்லை. நாற்பது நொடி நின்றேன், டி.வி.யிலும் ஹாலிலும். தாம்பாளம் விழுந்தது. அதே நொடியில் 'டங்!' அக்காவின் உதடு அசைந்தது. நாற்காலியிலும் அதே உதடு அசைந்தது.

"பச்ச வளைய வாங்கி வந்தா பட்டணத்து மாமி – அதப்
பாதி வழியில் ஒடச்சிப்புட்டா பஸ்ஸு நெரிசல், சாமி!"

"இதான்டா!" என்றார் அக்கா. "இவ ஓடியார்ல. கூடவே வரா."

அதற்கப்புறம் பத்து நாள் தினமும் காலையில் காபியோடு அக்காவுக்குப் பாடம். என்னைத் தாண்டித்தானே பாட்டுக்குப் போக வேண்டும்? போனில் தேன்மொழியை விட்டு எனக்குச் செய்தி சொல்லச் சொன்னாராம்: "டெய்லி உன் மூஞ்சிலதான் முழிக்கறேன்னு சொல்லு. இன்னும் ஒண்ணும் கெடுதல் நடக்கல."

இந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் வீட்டு வீடியோக்களில் எல்லாருமே தன்னைத்தானே வெட்டச் சொல்கிறோம். நான் குண்டாக இருக்கிறேன், என் பல் தெரிகிறது, நான் சாப்பிடுவதை எதற்கு எடுத்தாய்... எல்லார் பேச்சையும் கேட்டு வெட்டினால் கடைசியில் என்ன மிஞ்சும்? வாசலில் கிடக்கிற செருப்புகள்தான். நமக்கு அசிங்கமாகத் தெரிகிற அந்தத் துண்டில்தான் வேறு யாருக்கோ வேண்டியது ஒட்டிக்கொண்டிருக்கும் போல.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மலையடிவாரத்துக்குப் பக்கத்தில் சின்ன மண்டபம். பெரிய டி.வி. வைத்தார் சேகர். அக்கா அதற்கு நேராக உட்கார்ந்து, டி.வி.யில் இருக்கும் தன்னோடு சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு.

பட்டனை அமுக்கினார். நான் வந்தேன். மண்டபமே சிரித்தது. எங்கே ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா சத்தமாகச் சொன்னார். காது கேட்காதவர் அல்லவா, அவர் மெதுவாகச் சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"யாரும் சிரிக்காதீங்கோ! இவ சும்மா நிக்கல. வாயப் பாருங்கோ, அசையுது! 'முடிஞ்சிச்சா... முடிஞ்சிச்சா...'ன்னு கேட்டுகினே கீறா! எவனாவது பதில் சொன்னீங்களாடா?"

எல்லாரும் பார்த்தார்கள். மெய்யாகவே என் உதடு அசைகிறது! கையைத் தொடையோடு ஒட்டி வைத்திருந்ததால், அன்றைக்கு ஒரு நாள் என் வாய் மூடாமல் இருந்திருக்கிறது. நாயனச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பதினைந்து வருடம் கழித்துக் காது கேட்காத ஒருத்தருக்குத்தான் கேட்டிருக்கிறது.

எங்கள் வீட்டுக்காரர் முதல் வரிசையில் இருந்தார். "அடிப்பாவி... நான் பக்கத்துலதானே நின்னேன்!" என்று முனகினார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாட்டு ஆரம்பித்தது. அக்கா கலக்கினார். சேகரையும் விடவில்லை.

"அணுபுரத்துத் தம்பி வந்தான் ஆப்பிள் பழத்தோட – அதுல
அரப் பழத்தக் காணலியே ஆரத்தித் தட்டோட!"

தேன்மொழி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தாள். வளையல்கள் ஏறின. டி.வி. அக்காவும் நாற்காலி அக்காவும் ஒரே வாய், ஒரே தாளம். திடீரென்று நாற்காலி அக்கா டி.வி.யிலிருந்து கண்ணை எடுத்தார். என் பக்கம் திரும்பினார். டி.வி.யில் இல்லாத ஒரு அடி வந்தது:

"செங்கப்பட்டு வள்ளி நின்னா செலையப் போல நேரா – அவ
சித்த நேரம் கண்ண மூட மறந்துபோனா ஜோரா!"

"ஐயோ... சிங்க் போச்சு!" என்று சேகர் ரிமோட்டைத் தேடி ஓடினார். டி.வி. அக்கா எங்கேயோ முன்னால் போய்விட்டார். நாற்காலி அக்கா கவலைப்படவே இல்லை. இன்னும் இரண்டு அடி கட்டினார், டி.வி.யை அணைத்த பிறகும்.

மண்டபம் அதிரக் கைதட்டல். காது மெஷினில் 'கொய்ங்' என்று விசில் அடித்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைக் கழற்றி மடியில் வைத்தார். இனி அவருக்கு ஒன்றும் கேட்காது.

தள்ளி நின்ற என்னைப் பார்த்தார். குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

முடிஞ்சிச்சா?

வாய்க்குப் போன கையை இறக்கினேன். நானும் உதட்டை மட்டும் அசைத்தேன்.

இல்லக்கா. இன்னொரு தபா.

சத்தம் துளியும் இல்லை. ஆனால் சிங்க்... அரை நொடிகூடப் பிசகவில்லை!